சந்தனம் வைத்த சாவி

அந்தச் சாவி தீப்பெட்டி அளவுதான் இருக்கும். வெள்ளை பிளாஸ்டிக். ஒரு பக்கம் இருபத்தைந்து ஊசிகள், மறுபக்கம் இருபத்தைந்து துளைகள். கம்ப்யூட்டரின் முதுகில் பிரிண்டர் ஒயர் செருகும் இடத்தில் அதைச் செருகினால்தான் பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருள் ஒழுங்காக வேலை செய்யும். மென்பொருள் வந்த சி.டி.யை யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துவிடலாம். சாவியை நகல் எடுக்க முடியாது. அதற்காகவே அதைச் செய்திருந்தார்கள். டாங்கிள் என்பது அதன் பெயர். அந்தோணி அண்ணா சாவி என்றுதான் சொல்வார். நானும் அப்படியே பழகிவிட்டேன்.

அது 2001. பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு பி.எட். இடத்துக்காகக் காத்திருந்தேன். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையின் மாடியில், பின்பக்கத்து இரண்டு அறைகளில் அந்தோணி அண்ணா ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருந்தார். முன்பு கச்சேரி ட்ரூப்பில் கீபோர்டு வாசித்தவர். வயது முப்பத்திரண்டு இருக்கும். கம்ப்யூட்டர் தெரிந்த பெண் தேவை என்று ஜெராக்ஸ் கடையில் தாள் ஒட்டியிருந்தார். யாரோடும் பேச வேண்டாத வேலையாக இருக்கும் என்று நினைத்துச் சேர்ந்தேன்.

ஸ்டூடியோ கதவில் ஒரு பலகை தொங்கும். ‘இங்கு கேசட் நகல் எடுத்துத் தரப்படாது.’ அந்தோணி அண்ணா தன் கையாலேயே எழுதியது. சில வருடங்களுக்கு முன் அவர் மெட்டுப் போட்டு மாதா பாடல்கள் என்று ஒரு கேசட் வெளியிட்டிருந்தார். இரண்டே வாரத்தில் அது பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டது. வேறு அட்டை, வேறு படம். இசை என்ற இடத்தில் அவர் பெயர் இல்லை. அதை அவர் ஒரு முறைதான் என்னிடம் சொன்னார். பலகையைத் தினமும் துடைப்பார்.

எங்கள் சுவருக்குப் பின்னால் நெசவுத் தெரு. அதே தெருவின் கடைசியில் எங்கள் வீடு. முட்டை அட்டையும் பழைய மெத்தையும் வைத்துச் சுவரை மூடியிருந்தாலும் மைக்கில் தறிச் சத்தம் விழும். அதனால் குரல் பதிவு எல்லாம் மத்தியானச் சாப்பாட்டு வேளையில்தான். முழு நாளும் வேண்டுமென்றால் அமாவாசை. அமாவாசைக்கு எங்கள் ஊரில் தறி ஓடாது. மற்ற ஊர்க்காரர்கள் நல்ல காரியத்துக்குப் பௌர்ணமி பார்ப்பார்கள். நாங்கள் காலண்டரில் கறுப்பு வட்டத்தைத் தேடுவோம்.

பாடகிக்கு மெட்டைச் சொல்லித்தர முதலில் யாராவது ஒருவர் பாடிப் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பெயர் கைடு. பாடகி வந்து அதைக் கேட்டுக்கொண்டே பாடுவார். பிறகு கைடை அழித்துவிடுவோம். ஒரு நாள் கேசட்டுகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டே நான் முணுமுணுத்தது அந்தோணி அண்ணா காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து கைடு பாடுவது என் வேலை ஆயிற்று. நான் மூன்று நிபந்தனை போட்டேன். அறையில் விளக்கை அணைக்க வேண்டும். இரண்டு அறைக்கும் நடுவில் இருக்கும் கண்ணாடிக்குத் திரை போட வேண்டும். வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

அவர் மூன்றையும் மீறியதில்லை. ஒரே ஒரு தடவை, “நீயே பாடிடேன் குழலி. எதுக்கு இன்னொருத்தர்?” என்றார். அடுத்த இரண்டு நாள் நான் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒவ்வொரு கைடும் முடிந்ததும் இருட்டுக்குள்ளிருந்து மைக்கிலேயே கேட்பேன்: “போதுமாண்ணா?” அதுவும் பதிவாகும். அதையும் சேர்த்துத்தான் அழிப்போம்.

அந்த வருடம் புரட்டாசி மாதத்தில் அப்பாதுரை வந்தார். குமரகோட்டம் முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் தேங்காய்க் கடை வைத்திருந்தவர். சஷ்டி விரதம் இருப்பவர்களுக்கு ஒரு குழு நடத்திவந்தார். முருகன் மேல் எட்டுப் பாட்டு எழுதி நாற்பது பக்க நோட்டில் வைத்திருந்தார். கந்த சஷ்டி முதல் நாள் ஐந்நூறு கேசட் கையில் இருக்க வேண்டும் என்றார்.

“ஐந்நூறு பேர்கிட்ட சொல்லிட்டேன்பா. ஒரு நாள் தள்ளிச்சுன்னா நான் தெருவுல நடக்க முடியாது.”

“வரும் சார்,” என்றார் அந்தோணி அண்ணா.

மகாளய அமாவாசையன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை எட்டுப் பாட்டுக்கும் கைடு பாடினேன். ஊரே அமைதியாக இருந்தது. யாரும் கேட்கப் போவதில்லை என்பதால் சந்தோஷமாகப் பாடினேன். சென்னையில் டி.வி. சீரியலுக்குப் பாடிக்கொண்டிருந்த ஜீவிதா விஜயதசமியன்று காலையில் வந்து பாடுவதாக ஏற்பாடு. ஆயுத பூஜைக்கு நிறுத்திய தறியை மறுநாள் நல்ல நேரம் பார்த்துத்தான் தொடங்குவார்கள். அதற்குள் பாதிப் பாட்டையாவது முடித்துவிடலாம் என்று கணக்கு. பாட்டை எல்லாம் சேர்த்த மூல டேப் திங்கட்கிழமை சென்னையில் கேசட் அடிக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அட்டை ஏற்கெனவே அச்சாகி வந்துவிட்டது. ‘பாடியவர்: ஜீவிதா.’

ஆயுத பூஜையன்று அந்தோணி அண்ணா தலையைச் சொறிந்தார்.

“நம்ம வீட்ல இந்த வழக்கம் இல்லமா. ஆனா ட்ரூப்ல இருந்தப்ப கீபோர்டுக்கு பொட்டு வெப்பாங்க. வெக்காம விட்டா எனக்கே ஒரு மாதிரி இருக்குது. நீயே பாத்து பண்ணிடு.”

அம்மா அரைத்துக் கொடுத்த சந்தனத்தைக் கிண்ணத்தில் எடுத்துப்போனேன். அம்மா சந்தனத்தைத் தண்ணீராகத்தான் அரைப்பாள். எங்கள் வீட்டில் அன்றைக்கு எந்தக் கருவியும் மாட்டிய இடத்தில் இருக்கக் கூடாது. ஊடு நூலைக் குறுக்கே ஓட்டும் நாடாவைத் தறியிலிருந்து எடுத்துவிடுவோம். கத்தரியை ஆணியிலிருந்து இறக்குவோம். எல்லாவற்றையும் மணையில் வரிசையாக வைத்துப் பொட்டு வைப்போம். பொட்டு வைக்காமல் ஒன்றை விட்டால் அது கோபித்துக்கொள்ளும் என்று சின்ன வயதில் நம்பியிருக்கிறேன்.

அப்படியே செய்தேன். மைக், ஹெட்போன், கீபோர்டு. கடைசியாகக் கம்ப்யூட்டரின் முதுகிலிருந்து சாவியைக் கழற்றி மணையில் வைத்தேன். அதன் மேல்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர், அதில் நீளமான எண். அந்த எண் படிக்க முடியாமல் போனால் சாவி செல்லாது என்று மென்பொருளோடு வந்த தாளில் தடித்த எழுத்தில் இருந்தது. நான் அந்தத் தாளை முழுதும் படித்தவள். எண் மேல் சந்தனம் படக் கூடாது என்று சாவியை நிமிர்த்தி, ஊசிகள் இருக்கும் முகத்தில் வைத்தேன். ஒரு பெரிய பொட்டு. நடுவில் குங்குமம். சுற்றி நாலு சின்னப் பொட்டு.

மறுநாள் காலை முதல் ஆளாகப் போனேன். விஜயதசமிக்குப் புதுச் சந்தனம் தொட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும். காய்ந்ததன் மேல் ஒரு துளி ஈரச் சந்தனம் வைத்து, சாவியைச் செருகி, கம்ப்யூட்டரைப் போட்டேன். லேசாக ஒரு வாசனை வந்தது. சந்தனம் என்று நினைத்தேன்.

திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. சாவி இல்லை என்று இங்கிலீஷில் சொன்னது.

நான் இயற்பியல் படித்தவள். ஈரம் எதைக் கடத்தும் என்று எனக்குத் தெரியும். கட்டத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆனாலும் மூன்று தடவை அணைத்துப் போட்டேன்.

அந்தோணி அண்ணா வந்து சாவியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். ஊசிகளுக்கு நடுவில் மஞ்சளும் சிவப்பும்.

“சந்தனமா?”

தலையாட்டினேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். “கீபோர்டுக்கு மேல வெப்பாங்கமா. உள்ள வெக்க மாட்டாங்க.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டூத்பிரஷ்ஷால் தேய்த்தார். ஸ்பிரிட் விட்டார். டேபிள் ஃபேன் முன்னால் பிடித்துக் காயவைத்தார். செருகினார். அதே கட்டம். சாவியை விற்ற சென்னைக்காரரின் வீட்டு நம்பரைத் தேடிப் போன் போட்டார். விடுமுறை நாளில் தொந்தரவு செய்ததற்கு இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். கெட்ட சாவியை அவர்களிடம் கொடுத்தால் ஜெர்மனிக்கு அனுப்புவார்கள். பதில் சாவி வர ஆறு வாரம்.

சாவி இல்லாமலும் மென்பொருள் திறக்கும். கடையில் காட்டுவதற்காக அப்படி வைத்திருந்தார்கள். ஏற்கெனவே பதிவு செய்த பாட்டை இசைத்துக் காட்டும். புதிதாகப் பதிவு செய்ய விடாது. எதையும் மாற்றிச் சேமிக்க விடாது. இருபது நிமிடம் ஆனதும் தானே மூடிக்கொள்ளும்.

பத்து மணிக்கு ஜீவிதா வந்தார். கையில் பிளாஸ்க், கழுத்தில் மஃப்ளர். கம்ப்யூட்டர் அணைந்திருப்பதைப் பார்த்தார்.

“என்னண்ணா, இன்னைக்குப் போயா கரண்ட் கட்டு?”

அந்தோணி அண்ணா விஷயத்தைச் சொன்னார். சந்தனத்தைச் சொல்லவில்லை. பிறகு, “ஒண்ணு பண்ணலாம். கம்ப்யூட்டர்ல மியூசிக் மட்டும் ஓடட்டும். நீ கூடவே பாடு. ரெண்டையும் சேத்து அப்படியே தனியா இருக்கற டாட் ரெக்கார்டர் டேப்புல புடிச்சிடறேன். ஆனா ஒரு பாட்ட ஒரே மூச்சுல பாடணும்,” என்றார்.

“முழுசாவா?” ஜீவிதா சிரித்தார். “நான் கடைசியா ஒரு பாட்ட முழுசா பாடினது ஸ்கூல் போட்டியிலண்ணா. அதுக்கப்புறம் வரி வரியாத்தான். ஒரு வரி, ஒரு மொடக்கு வெந்நீர்.”

இருந்தாலும் பாடிப் பார்த்தார். முதல் தடவை மூன்றாம் சரணத்தில் சொல் தடுக்கியது. இரண்டாம் தடவை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது இருபது நிமிடம் முடிந்து திரை மூடிக்கொண்டது. மூன்றாம் தடவை தொடங்கியபோது மணி பதினொன்றரை. சுவருக்குப் பின்னால் ஒரு தறி தட்டியது. பிறகு இன்னொன்று. பிறகு தெரு முழுக்க.

ஜீவிதா ஹெட்போனைக் கழற்றினார். “உங்க ஊர்ல முருகன விட தறி சத்தம் ஜாஸ்திண்ணா. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் சின்ன காஞ்சிபுரத்துல அத்தை வீட்லதான் இருப்பேன். சாவி சரியாச்சுன்னா போன் பண்ணுங்க, சாப்பாட்டு நேரத்துல வந்து பாடித் தரேன். அத விட்டா தீபாவளி கழிச்சுதான் எனக்கு டேட் இருக்குது.”

தீபாவளி கழிந்தால் சஷ்டிதான். கேசட் அடிக்க நாள் இருக்காது.

மத்தியானம் இளவரசன் வந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுப்பவன். எங்கள் கம்ப்யூட்டரும் அவன் சேர்த்ததுதான்.

“இன்னாணா, இதுக்குப் போயி தலைல கைய வெச்சிக்கினு குந்திக்கினுகீற?” சட்டைப் பையிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்து மேசையில் வைத்தான். அதன் மேல் மார்க்கரால் எங்கள் மென்பொருளின் பெயர் எழுதியிருந்தது. “கிராக். சாவியே கேக்காது. பத்து நிமிஷ வேலை.”

“வேணாம்பா.”

“ஏன்?”

“கதவுல இன்னா எழுதிக்குதுன்னு படிச்சியா?”

“அது கேசட்டுக்குணா. சரி, நான் ஒண்ணு கேக்கறேன். நீ துட்டு குடுத்து வாங்கின சாமான்தானே இது? பெட்டி உன்னுது, பில்லு உன்னுது. சாவிதானே பூட்ச்சு? உன் வீட்டுப் பூட்ட நீயே உடைச்சா திருட்டா?”

அந்தோணி அண்ணா கதவுப் பக்கம் பார்த்தார். அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது.

“யார் உடைச்ச பூட்டுன்னு தெரியாத சி.டி.பா அது,” என்றார் கடைசியில். குரல் தணிந்திருந்தது.

“சர்தான். அந்தத் தேங்காக் கடைக்காரரு ஐந்நூறு பேர கூட்டிக்கினு வந்து கேக்கறப்போ இதச் சொல்லு. நாளைக்குப் பத்து மணிக்கு வரேன். வேணாம்னா அப்ப சொல்லு, போய்க்கினே இருக்கறேன்.”

சி.டி.யை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான். அந்தோணி அண்ணா அதை எடுத்துத் திருப்பிக் கொடுக்கவில்லை. வேண்டாம் என்று மறுபடி சொல்லவும் இல்லை. அன்று சாயங்காலம் வரை அவர் அந்த மேசைப் பக்கம் போகவே இல்லை.

வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்கு ஒரு வழி தோன்றியது. தோன்றியதும் பயந்துபோனேன். சாவி இல்லாவிட்டாலும் மென்பொருள் பழைய பதிவை இசைக்கும். பழைய பதிவில் இசை மட்டும் இல்லை. எட்டுப் பாட்டிலும் என் குரல் இருக்கிறது. அமாவாசையன்று பாடியது. தறிச் சத்தம் இல்லாமல், முழுசாக.

இதைச் சொல்லாமல் இருந்துவிடலாம். பத்து மணிக்கு இளவரசன் வருவான். ஜீவிதா வந்து வரி வரியாகப் பாடிவிட்டுப் போவார். என் குரலை அழித்துவிடுவோம். யாருக்கும் எதுவும் தெரியாது. அந்தோணி அண்ணா மட்டும் தினமும் பலகையைத் துடைப்பார். அல்லது துடைக்க மாட்டார்.

அம்மா தட்டில் தோசை வைத்துவிட்டு, “பூஜை நல்லா ஆச்சா?” என்று கேட்டாள். ஆச்சு என்றேன்.

மறுநாள் எட்டரைக்கே போனேன். கதவு திறந்திருந்தது. கதவில் பலகை இல்லை. ஆணி மட்டும் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். சுவர் ஓரமாக, எழுத்து சுவரைப் பார்க்கும்படி பலகையைச் சாய்த்து வைத்திருந்தார். அந்தோணி அண்ணா டீ கிளாஸோடு ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

“அது தொங்கறப்போ இதப் பண்ணக் கூடாது இல்ல. அதான் கழட்டிட்டேன்,” என்றார்.

நான் நேராக மேசைக்குப் போனேன். கம்ப்யூட்டரைப் போட்டேன். சாவி இல்லை என்ற கட்டம் வந்தது. சரி என்று அழுத்தினேன். முதல் பாட்டைத் திறந்தேன். ‘குழலி கைடு’ என்று எழுதியிருந்த வரியில் ஒலியைக் கூட்டிவிட்டு, ஓட விட்டேன்.

இசை வந்தது. பிறகு நான் வந்தேன்.

பாதிப் பாட்டு வரை அவர் ஜன்னலை விட்டு அசையவில்லை.

“இது கைடு,” என்றார்.

“ஆமாண்ணா.”

“ரெக்கார்டு பண்ணத்தான் விடாது. பாட விடும்.”

“ஆமாண்ணா.”

“டாட்ல புடிச்சிடலாம்.”

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“குழலி. ஐந்நூறு கேசட்டு. அப்பாதுரை சாரு கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கர் கட்டுவாரு. ஆறு நாளும் ஊரே கேக்கும். அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது.”

“அழுவேன். ஆனா போடுங்கண்ணா.”

அவர் டீயை ஜன்னல் கட்டையில் வைத்தார்.

இருபது நிமிடத்துக்கு இரண்டு பாட்டுத்தான் சரியாக வரும். இரண்டு பாட்டு, மூடுதல், மறுபடி திறத்தல். நான் திறந்து கொடுத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்காருவேன். அவர் என் குரல் வரும் குமிழில் விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாட்டும் முடியும் இடத்தில் “போதுமாண்ணா” வருவதற்குள் இறக்கிவிட வேண்டும். கண் கடிகாரத்தில், விரல் குமிழில். பத்து மணிக்கு இளவரசன் வந்தபோது நான்காவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று கேட்டான்.

“யாருணா பாடறது?”

அந்தோணி அண்ணா உதட்டில் விரல் வைத்தார். இளவரசன் என்னைப் பார்த்தான். காதைப் பொத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தான். மேசையில் இருந்த தன் சி.டி.யை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினான். பன்னிரண்டு மணிக்கு எட்டாவது பாட்டும் முடிந்தது. அந்தோணி அண்ணா டேப்பை எடுத்துப் பெயர் எழுதிவிட்டு, பலகையை ஆணியில் மாட்டினார்.

ஜீவிதாவுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னார். “அப்ப அட்டையில இருந்து எம்பேர எடுத்துடுங்கண்ணா. நான் பாடாதத நான் பாடினதா போடாதீங்க,” என்றார் ஜீவிதா. “அதத்தான்மா நானும் சொல்ல வந்தேன்,” என்றார் இவர்.

அச்சான அட்டைகள் ஐந்நூறு. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, கறுப்பு மார்க்கரால் ஒவ்வொன்றிலும் ஜீவிதாவின் பெயரை அடித்தோம். அந்த இடத்தில் என் பெயரை எழுதட்டுமா என்று அவர் கேட்டார். ஏலவார்குழலி நீளமான பெயர், அந்த இடத்தில் கொள்ளாது என்றேன். அவர் சிரித்தார். வற்புறுத்தவில்லை. ‘பாடியவர்’ என்பதற்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவுதான்.

கேசட் வந்த அன்று அப்பாதுரை ஸ்டூடியோவிலேயே போட்டுக் கேட்டார்.

“யாருபா பாடினது? பேர ஏன் அடிச்சிட்டீங்க?”

“பேரு வேணாம்னுட்டாங்க சார்.”

“அப்படிச் சொல்றவங்க பாடினாத்தான் இப்படி இருக்கும்,” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆறாவது பாட்டு முடிந்தது. மூவரும் நின்றுகொண்டிருந்தோம். ஸ்பீக்கரில் நான் கேட்டேன்: “போதுமாண்ணா?”

அந்தோணி அண்ணா என்னைப் பார்த்தார். நான் கேசட் பெட்டியைப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்த நேரத்தில் விரல் தாமதித்துவிட்டது. ஐந்நூறிலும் இருக்கும்.

அப்பாதுரை கொஞ்சம் யோசித்தார். “முருகன் அவங்க அண்ணன் பிள்ளையார்கிட்ட கேக்கறாரு. சூப்பரா வெச்சீங்கபா இத,” என்றார்.

சஷ்டி முதல் நாள் சாயங்காலம் அம்மாவோடு குமரகோட்டத்துக்குப் போனேன். போகாமல் இருக்க ஏதாவது காரணம் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். ஐந்தாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா வழியில் பார்த்த எல்லோரிடமும் பேசிக்கொண்டே வந்தாள். நான் பாடுவதை அம்மா கேட்டதில்லை. வீட்டில் நான் பாடியதில்லை. பாட்டு அவளுக்கு ஸ்பீக்கர் பாட்டு, அவ்வளவுதான். ஆறாவது பாட்டும் அப்படியே போயிற்று. பூ வாங்கிக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. தெரு முழுக்க என் குரல் கேட்டது. “போதுமாண்ணா?”

அம்மாவின் கை பூவோடு நின்றது. ஸ்பீக்கரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“இது நீ.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“பாட்டும் நீதானா?”

அதற்கும் அப்படியே நின்றேன். ஏழாவது பாட்டு தொடங்கியது. அம்மா பூவைக் கூடையில் போட்டாள். கோயிலுக்குள் போகத் திரும்பவில்லை. கம்பத்துக்குக் கீழே ஓரமாகப் போய் நின்றாள்.

“எட்டு பாட்டு முடிஞ்சா மறுபடி மொதல்ல இருந்து போடுவாங்க இல்ல?”

“போடுவாங்கமா.”

“இரு.”

ஒரு மணி நேரம் நின்றோம். முதல் பாட்டு, இரண்டாவது, மூன்றாவது. தெரிந்தவர்கள் கோயிலுக்கு வரவில்லையா என்று கேட்டபோது, “வரோம், நீங்க போங்க,” என்றாள் அம்மா. ஆறாவது பாட்டின் கடைசியில் அந்தக் குரல் வந்ததும், “வா,” என்று நடந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. அடுத்த நாள் சாயங்காலம், “கோயிலுக்குப் போலாமா?” என்று அவளே கேட்டாள். சஷ்டி முடியும் வரை தினமும் கேட்டாள்.

டிசம்பரில் புதுச் சாவி வந்தது. அந்தோணி அண்ணா அதைச் செருகிவிட்டு, “இப்ப அழிக்கலாம். நீ போட்ட கண்டிஷன் மூணாவது,” என்றார். இருக்கட்டும் என்றேன். அடுத்த ஆயுத பூஜைக்கு நான் அங்கே இல்லை, பி.எட். கிடைத்துவிட்டது. அவரே கீபோர்டுக்கு மேல் ஒரு பொட்டு வைத்ததாகவும் சாவியை வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டியதாகவும் போனில் சொன்னார்.

2005இல் ஸ்டூடியோவை மூடிவிட்டு பெங்களூர் போனார். அதற்கு முன்பே அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் கெட்டுப்போயிருந்தது. மூல டேப் கேசட் அடித்த இடத்திலேயே தங்கிவிட்டது. என்னிடம் இருந்த ஒரே கேசட்டை அம்மா போட்டுப் போட்டு நாடா சிக்கி அறுந்தது. ஐந்நூறில் மீதி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வீடுகளில் கேசட் பிளேயரே இல்லாமல் போய்விட்டது. அப்பாதுரையிடம் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கேட்கவில்லை.

போன மாதம் வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். பக்கத்துப் பள்ளியில்தான் இப்போது இயற்பியல் டீச்சர். தள்ளுவண்டியில் எம்.பி.3 சி.டி. விற்பவன் ஏதோ பக்திப் பாட்டு ஓடவிட்டிருந்தான். பஸ் வந்துவிட்டது. ஏறக் கால் வைத்தேன். பாட்டு முடிந்தது.

“போதுமாண்ணா?”

பஸ் போய்விட்டது. அந்த சி.டி.யை வாங்கினேன். ‘150 முருகன் பாடல்கள்.’ உறையில் யார் பெயரும் இல்லை. யாரோ கேசட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள். பின்னால் இரைச்சல் கேட்கிறது. எட்டில் மூன்று பாட்டுத்தான் இருந்தன. ஆறாவது இருந்தது.

சாயங்காலம் அந்தோணி அண்ணாவுக்குப் போன் செய்தேன். பெங்களூரில் ஒரு சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறார். சொன்னேன்.

“தள்ளுவண்டியிலயா? திருட்டு சி.டி.யா?”

“ஆமாண்ணா.”

அவருக்குப் பின்னால் யாரோ ஒரு குழந்தை கீபோர்டில் ஒரே கட்டையைத் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

“அந்த ‘போதுமாண்ணா’ இருக்குதா?”

“இருக்குதுண்ணா.”

“நல்லா கேக்குதா?”

“கேக்குதுண்ணா.”

“எனக்கு ஒரு காப்பி எடுத்து அனுப்புமா,” என்றார்.

மறுநாள் பள்ளிக் கம்ப்யூட்டரில் சி.டி.யைப் போட்டேன். அது எந்தச் சாவியையும் கேட்கவில்லை. அந்த மூன்று பாட்டையும் நகல் எடுக்க நான்கு நிமிடம் ஆனது. புது உறையில் மூன்று பாட்டின் பெயரையும் எழுதினேன். இசை: அந்தோணி. அதற்குக் கீழே நிறைய இடம் இருந்தது. பாடியவர்: ஏலவார்குழலி. கொண்டது.